ஒரு நல்ல பாஸ் ரஷர் எதிரணியை எவ்வளவு மாற்றுகிறார்? சாக் கணக்கைத் தள்ளிவைத்துப் பேசுவோம்

#1 அதிகாலை ரசிகன்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல் பார்க்க ஆரம்பித்து அதிக நாள் ஆகவில்லை. பந்தை எறியும் க்வார்ட்டர்பேக்குக்கு ஏன் கோடிகளைக் கொட்டுகிறார்கள் என்பது புரிந்துவிட்டது. அவரைப் பிடிக்கப் பாயும் டிஃபென்ஸ் ஆளான பாஸ் ரஷருக்கு ஏன் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

2025 ஆகஸ்டில் பாஸ் ரஷர் மைக்கா பார்சன்ஸை டல்லாஸிடமிருந்து வாங்க கிரீன் பே அணி இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளையும் (புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) கென்னி கிளார்க் என்ற ஆட்டக்காரரையும் கொடுத்தது. அதற்கு மேல் அவருக்கு நான்கு வருடத்துக்கு 188 மில்லியன் டாலர். ஒரு ஆட்டத்தில் எதிரணி முப்பது, முப்பத்தைந்து முறை பந்தை எறிகிறது. உச்சத்தில் இருக்கும் ரஷர்கூட சராசரியாக ஆட்டத்துக்கு ஒரு சாக் (பந்தை எறிவதற்குள் க்வார்ட்டர்பேக்கைச் சாய்ப்பது) எடுத்தாலே பெரிய விஷயம். மீதி முப்பது தடவையும் எதிரில் நிற்கும் டேக்கிளோடு (க்வார்ட்டர்பேக்கைக் காக்கும் லைனின் முனை ஆள்) மல்லுக்கட்டிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறார். இதற்கா இவ்வளவு?

இன்னொரு குழப்பம். 2023 சீசனில் பிட்ஸ்பர்க்கின் டி.ஜே. வாட் 19 சாக், கிளீவ்லாந்தின் மைல்ஸ் காரெட் 14. சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் விருது காரெட்டுக்குப் போனது. சாக்தான் கணக்கு என்றால் இது எப்படி? சாக் கணக்கில்லை என்றால் வேறு எதைப் பார்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மூணாவது டவுன்

நல்ல கேள்வி. அந்த "மீதி முப்பது தடவை"யில்தான் பணம் இருக்கிறது.

ஆளை எண்ணிப் பாருங்கள். அஃபென்ஸில் (பந்து வைத்திருக்கும் அணி) பதினொரு பேர். ஐந்து பேர் லைன் (முன்னால் நின்று தடுப்பவர்கள்), ஒருவர் க்வார்ட்டர்பேக். பந்தைப் பிடிக்கப் போகக்கூடியவர்கள் ஐந்து பேர். எதிரில் நான்கு பேர் ரஷ் செய்தால் ஏழு பேர் பின்னால் காவலுக்கு நிற்பார்கள். ஐந்து லைன்மேன் நான்கு பேரைச் சமாளித்துவிட்டால், ஐந்து ரிசீவர்களுக்கு எதிராக ஏழு பேர். இது சாதாரண நிலைமை. நல்ல க்வார்ட்டர்பேக் இதில் வழி கண்டுபிடித்துவிடுவார்.

இப்போது ஒரு முனையில் காரெட் மாதிரி ஒரு ஆள் நிற்கிறார். உங்கள் டேக்கிளால் தனியாக அவரைத் தாங்க முடியாது என்று கோச்சுக்குத் தெரியும். என்ன செய்வார்? லைன் ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யும் டைட் எண்டை அந்தப் பக்கம் நிறுத்தி, ஓடுவதற்கு முன் காரெட்டின் தோளில் ஒரு இடி இடித்துவிட்டுப் போ என்பார். இதற்குப் பெயர் சிப். இடித்துவிட்டுப் போகிறவர் தன் ஓட்டத்தைத் தாமதமாகத் தொடங்குகிறார். க்வார்ட்டர்பேக் பார்க்கும் நேரத்தில் அவர் அங்கே இருக்க மாட்டார். அது போதாதென்றால் பந்தை வாங்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக்கையும் உள்ளேயே வைத்துக்கொள்வார்கள். அப்போது மூன்று ரிசீவர், ஏழு காவலர். இத்தனையும் பந்து ஸ்னாப் ஆவதற்கு (லைன் நடுவில் நிற்கும் சென்டர் பந்தைப் பின்னால் கொடுப்பது) முன்பே முடிவாகிவிட்டது. காரெட் இன்னும் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை.

அந்த விருதுக்கும் இதுதான் வாதமாக இருந்தது. காரெட்டுக்காக எதிரணிகள் எவ்வளவு விட்டுக்கொடுத்தன என்பதைப் பார்த்தவர்கள் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். பிட்ஸ்பர்க் ரசிகர்கள் இதை இன்றைக்கும் ஒப்புக்கொள்வதில்லை, அது வேறு கதை.

#3 நியூஜெர்சி நந்தன்

ஜயன்ட்ஸ் ரசிகன் நான். இந்தப் பேச்சில் எங்கள் லைன்பேக்கர் (டிஃபென்ஸ் லைனுக்குப் பின்னால் நிற்பவர்) லாரன்ஸ் டெய்லரைச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஊரில் சோறு கிடைக்காது.

1981ல் டிராஃப்டில் இரண்டாவது ஆளாக வந்தார். அதுவரை வெளிப்பக்கத்திலிருந்து பாயும் லைன்பேக்கரைத் தடுப்பது ரன்னிங் பேக்கின் வேலை. டெய்லரிடம் அது எடுபடவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு அந்த வேகத்தில் வரும் என்று யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை. அந்த முதல் சீசனின் ப்ளேஆஃபில் (சீசன் முடிவில் வரும் நாக்அவுட் சுற்று), 1982 ஜனவரியில், சான் ஃபிரான்சிஸ்கோ கோச் பில் வால்ஷ் ஒரு வேலை செய்தார். கார்டாக (சென்டருக்கும் டேக்கிளுக்கும் நடுவில் நிற்பவர்) ஆடிய ஜான் ஏயர்ஸை லைனிலிருந்து பின்வாங்க வைத்து டெய்லருக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினார். 38-24 என்று ஜெயித்தும் விட்டார்கள். வருடத்துக்கு இரண்டு முறை டெய்லரைச் சந்தித்தாக வேண்டிய வாஷிங்டன் கோச் ஜோ கிப்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். பின்னால் நிற்கும் இரண்டு ரன்னிங் பேக்கில் ஒருவரை எடுத்துவிட்டு, இரண்டாவது டைட் எண்டைக் கொண்டுவந்து லைன் ஓரத்தில் நிறுத்தினார். ஒரே ஒரு ஆளுக்காக ஒரு அணி தன் அஃபென்ஸின் அமைப்பையே மாற்றியது.

அப்புறம் லெஃப்ட் டேக்கிள். க்வார்ட்டர்பேக் வலது கைக்காரராக இருந்தால் எறியத் திரும்பும்போது இடப்பக்கத்துக்கு முதுகைக் காட்டுவார். டெய்லர் பெரும்பாலும் வந்தது அந்தப் பக்கத்திலிருந்துதான். 1985 நவம்பர் 18, திங்கள் இரவு ஆட்டத்தில் டெய்லர் சாய்த்ததில் வாஷிங்டன் க்வார்ட்டர்பேக் ஜோ தைஸ்மன் கால் முறிந்ததை நாடே டிவியில் பார்த்தது. அதன்பின் தைஸ்மன் ஆடவே இல்லை. 1993ல் ஃப்ரீ ஏஜென்சி (ஒப்பந்தம் முடிந்தவர் வேறு அணிக்குப் போகலாம் என்பது) வந்ததும் லெஃப்ட் டேக்கிள்களின் சம்பளம் எங்கேயோ போய்விட்டது. யாருக்குப் பயந்து அந்தப் பணத்தைக் கொடுத்தார்கள் என்று யோசியுங்கள்.

1986ல் டெய்லர் 20.5 சாக் எடுத்து லீக்கின் எம்.வி.பி (மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்) ஆனார். அதற்குப் பிறகு டிஃபென்ஸிலிருந்து ஒருவரும் அந்த விருதை வாங்கவில்லை.

#4 பென்ச் வார்மர்

எல்லோரும் சேர்ந்து கோயில் கட்டுவதற்கு முன் நான் கொஞ்சம் குறுக்கே வருகிறேன்.

1990 நவம்பர் 11. கேன்சஸ் சிட்டியின் டெரிக் தாமஸ் சியாட்டிலுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஏழு சாக் எடுத்தார். ஏழு! இன்றுவரை அந்த எண்ணிக்கையை யாரும் தாண்டவில்லை. ஆட்டத்தில் யார் ஜெயித்தது? சியாட்டில், 17-16. கடைசி பந்தில் தாமஸ் எட்டாவது சாக்குக்காக சியாட்டில் க்வார்ட்டர்பேக் டேவ் க்ரீக்கைப் பிடிக்கிறார், க்ரீக் வழுக்கிக்கொண்டு வெளியே வந்து டச்டவுன் எறிகிறார். முடிந்தது.

2022 ஜனவரியில் டென்னசி அணி சின்சினாட்டி க்வார்ட்டர்பேக் ஜோ பர்ரோவை ஒன்பது முறை சாக் செய்தது. ப்ளேஆஃப் ஆட்டம், சொந்த மைதானம். அதையும் சின்சினாட்டிதான் 19-16ல் ஜெயித்தது.

பின்னால் நிற்கும் காவல் சரியாக இருந்தால் க்வார்ட்டர்பேக் எறிய இடமில்லாமல் பந்தை வைத்துக்கொண்டு நிற்பார், சுமாரான ரஷர்கூட வந்து பிடித்துவிடுவார். காவல் ஓட்டையாக இருந்தால் டெய்லரே வந்தாலும் பந்து அதற்குள் போயிருக்கும். என் கணக்கில் 188 மில்லியனை ரிசீவர்களைக் காவல் காக்கும் கார்னர்பேக்குகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கலாம்.

#5 மூணாவது டவுன்

//காவல் ஓட்டையாக இருந்தால் டெய்லரே வந்தாலும் பந்து அதற்குள் போயிருக்கும்//

பந்தை அவ்வளவு சீக்கிரம் எறிய வைத்தது யார்? ரஷர்தானே?

சராசரியாக ஒரு க்வார்ட்டர்பேக் இரண்டரையிலிருந்து மூன்று விநாடிக்குள் பந்தை விட்டுவிடுகிறார். இருபது யார்டு தள்ளி ஓடித் திரும்பும் ரிசீவருக்கு அந்த நேரம் போதாது, கூடுதலாகக் கொஞ்சம் வேண்டும். ரஷர் அந்தக் கொஞ்சத்தைத்தான் பிடுங்குகிறார். பிறகு அஃபென்ஸ் என்ன செய்யும்? பிடித்தவுடன் எறி, ஐந்து யார்டு, ஆறு யார்டு. முதல் டவுனில் (பத்து யார்டு எடுக்கக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் முதலாவது) இது ஓடும். மூன்றாவது டவுனில் ஒன்பது யார்டு பாக்கி என்று வரும்போது எல்லோரும் முதல் டவுன் கோட்டுக்கு முன்னாலேயே காத்திருப்பார்கள், ஆறு யார்டு பந்து எங்கே போகும்?

தாமஸ் ஆட்டத்தைச் சொன்னீர்கள், ஏழு சாக் வாங்கிய அணி 17 புள்ளிதான் எடுத்தது. பர்ரோவின் அணியும் ஒன்பது சாக் வாங்கி 19தான். இரண்டிலும் தோற்ற அணியின் அஃபென்ஸ் அதைவிடக் குறைவாக எடுத்தது. அந்தக் குறைக்கு ரஷரைப் பிடித்து உலுக்குவது நியாயமில்லை.

#6 டெக்சாஸ் அப்பா

என் மகன் இங்கே உயர்நிலைப் பள்ளி அணியில் ரைட் டேக்கிள். எல்லோரும் ரஷர் பக்கமிருந்தே பேசுகிறீர்கள், எதிரில் நிற்பவன் பக்கமிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

போன சீசனில் ஒரு ஆட்டம். எதிரணியில் ஒரு பையன், பெரிய கல்லூரிகள் எல்லாம் அவனைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. முதல் இரண்டு தடவை அவன் வெளிப்பக்கமாகவே ஓடினான். டேக்கிள் பின்னால் நகரும்போது வலது காலைப் பின்னுக்கு உதைத்து, இடது காலை இழுத்து, முதுகு நிமிராமல் நண்டு மாதிரி சாய்ந்து போக வேண்டும். என் மகன் அப்படித்தான் போனான், தாங்கினான். ஆனால் அந்த வேகம் அவன் மனதில் உட்கார்ந்துவிட்டது. மூன்றாவது தடவை ஸ்னாப் ஆனதும் வழக்கத்தைவிட அகலமாகக் காலை வைத்தான். அவ்வளவுதான், அந்தப் பையன் வெளியே ஓடுவதுபோல் தோளைக் காட்டிவிட்டு உள்ளே வெட்டினான். என் மகன் கை காற்றைத் தடவியது. க்வார்ட்டர்பேக் மல்லாக்க விழுந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். சீக்கிரம் கிளம்பிவிட வேண்டும் என்று என் மகன் ஸ்னாப்புக்கு முன்பே அசைந்துவிட்டான், ஐந்து யார்டு அபராதம். இன்னொரு முறை ஜெர்சியைப் பிடித்து இழுத்துவிட்டான், பத்து யார்டு. நாங்கள் எடுத்த நல்ல ஓட்டம் ஒன்று அந்தப் பத்து யார்டில் அடிபட்டுப் போனது. அரைநேரத்துக்குப் பிறகு எங்கள் கோச் எல்லா ஆட்டத்தையும் இடப்பக்கமாகவே கூப்பிட ஆரம்பித்தார். எதிரணிக்குப் பாதி மைதானத்தைக் காத்தால் போதும் என்றாகிவிட்டது. அந்தப் பையன் கணக்கில் அன்றைக்கு ஒரே ஒரு சாக்.

க்வார்ட்டர்பேக் பையனும் அதன்பிறகு ரிசீவரைப் பார்க்கவில்லை, வருகிறவனைத்தான் பார்த்தான். யாரும் பக்கத்தில் வராதபோதும் கால் பரபரக்க ஓட ஆரம்பித்தான்.

#7 கரிசல்காட்டான்

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது புதிதில்லை. பும்ராவின் நான்கு ஓவரை விக்கெட் கொடுக்காமல் ஓட்டிவிடலாம் என்று எதிரணி முடிவு செய்கிறது, மறுமுனையில் அடித்துப் பிடிக்கப் போய் அங்கே அவுட் ஆகிறார்கள். பும்ரா கணக்கில் விக்கெட் பூஜ்யம். அவர் ஒன்றும் செய்யவில்லை என்று எந்த ரசிகனாவது சொல்வானா?

#8 அதிகாலை ரசிகன்

கரிசல் அண்ணே, இது சட்டென்று பிடிபட்டது. டெக்சாஸ் அப்பா எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

அப்படியானால் இன்னொரு சந்தேகம். இவ்வளவு தெரிந்த எதிரணி கோச்சுகள் சும்மாவா இருப்பார்கள்? பாய்கிறவனுக்கே குழி தோண்ட வழி இருக்குமே?

#9 பென்ச் வார்மர்

இருக்கிறது தம்பி, என் விருப்பமான பகுதி இதுதான்.

அவரைத் தடுக்கவே வேண்டாம். ஆளில்லாமல் விட்டுவிடுங்கள். க்வார்ட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றில் வைத்தபடி ரஷரின் இடுப்பைப் பார்ப்பார். ரஷர் ரன்னிங் பேக்கை நோக்கித் திரும்பினால் பந்தை உருவிக்கொண்டு அவர் விட்ட இடத்தில் க்வார்ட்டர்பேக் ஓடுவார். ரஷர் அங்கேயே நின்றால் பந்து ரன்னிங் பேக்கிடம் போகும். எந்தப் பக்கம் போனாலும் தவறுதான். கூடவே ஒரு லைன்மேன் மிச்சமாகிறார், அவர் லைன்பேக்கரைப் போய் அடிக்கலாம். கால் வேகம் உள்ள க்வார்ட்டர்பேக் இருந்தால் மட்டும்தான் இது நடக்கும் என்பது உண்மை.

அடுத்தது ஸ்கிரீன். லைன்மேன்கள் தோற்றுவிட்டதுபோல் நடித்து ரஷரை உள்ளே விடுவார்கள். அவர் ஆசையாக ஓடி வருவார், பந்து அவர் தலைக்கு மேலே ரன்னிங் பேக்கிடம் போகும், முன்னால் இரண்டு மூன்று லைன்மேன்கள் வழி விட்டுக்கொண்டு ஓடுவார்கள். பத்து யார்டு பின்னால் தனியாக நிற்கும் ரஷரின் முகத்தை அப்போது கேமரா காட்டும், அதைப் பார்ப்பதற்காகவே எனக்கு ஸ்கிரீன் பிடிக்கும்.

நிஜ உதாரணமும் உண்டு. 2018 சீசனில் ராம்ஸின் ஆரன் டொனால்ட் 20.5 சாக். அந்த சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் நியூ இங்கிலாந்துக்கு எதிராக அவருக்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. அவர்களுடைய க்வார்ட்டர்பேக் பிரேடி பந்தை வைத்துக்கொண்டே நிற்கவில்லை, உள்லைன் ஆட்களும் டொனால்ட் மேல் விழுந்துகொண்டே இருந்தார்கள். 13-3. ராம்ஸ் தோல்வி.

#10 மூணாவது டவுன்

உதாரணத்தைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்த ஆட்டத்தில் நியூ இங்கிலாந்து எடுத்தது 13தான். ராம்ஸ் டிஃபென்ஸ் தோற்ற ஆட்டமா அது?

டொனால்ட் பெயர் வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். முனையிலிருந்து வருகிற ரஷரை க்வார்ட்டர்பேக் ஓரளவு ஏமாற்றலாம், இரண்டடி முன்னால் நகர்ந்தால் ரஷர் பின்னால் சுற்றிப் போய்விடுவார். நடுவிலிருந்து வருகிறவரிடம் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. முன்னால் போக முடியாது, எறியும் கைக்கு எதிரே ஆள் நிற்கிறார். 2022 பிப்ரவரி சூப்பர் பௌலின் கடைசி நிமிடத்தைப் பாருங்கள். நான்காவது டவுன், ஒரு யார்டு வேண்டும். டொனால்ட் உள்ளே புகுந்து பர்ரோவைப் பிடித்துச் சுழற்றுகிறார், பந்து தரையில் விழுகிறது. 23-20, ராம்ஸுக்குக் கோப்பை. புள்ளிவிவரத்தில் அது சாக் கூட இல்லை, முழுமையடையாத பாஸ் என்றுதான் எழுதியிருக்கும்.

#11 நியூஜெர்சி நந்தன்

கோப்பை ஆட்டங்களுக்கு வந்தாயிற்றா, அப்படியானால் என் முறை.

2008 பிப்ரவரி. நியூ இங்கிலாந்து 18-0 என்று, ஒரு தோல்விகூட இல்லாமல் வந்தது. அந்த சீசனில் 589 புள்ளி எடுத்த அணி, அப்போது அது லீக் சாதனை. எங்கள் ஆட்கள் பிரேடியை ஐந்து முறை சாய்த்தார்கள். எங்கள் டிஃபென்ஸ் கோச் ஸ்பான்யோலோ செய்த தந்திரம், வெளியே நிற்க வேண்டிய ஜஸ்டின் டக்கை நடுவில் கொண்டுவந்து கார்டுக்கு எதிரே நிறுத்தியது. கார்டுக்கு அந்த வேகம் பழக்கமில்லை. டக்குக்கு இரண்டு சாக். 589 எடுத்த அணி அன்றைக்கு எடுத்தது 14. நாங்கள் 17.

2016 பிப்ரவரியில் டென்வர். எதிரணி கரோலினா 15-1, அவர்களுடைய க்வார்ட்டர்பேக் கேம் நியூட்டன் எம்.வி.பி. டென்வர் ரஷர் வான் மில்லர் எதிரே ரைட் டேக்கிள் மைக் ரெம்மர்ஸ். முதல் கால்பகுதியில் மூன்றாவது டவுன், நியூட்டன் தன் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார். மில்லர் ரெம்மர்ஸைச் சுற்றிக்கொண்டு வந்து அணைத்துப் பிடிக்கவில்லை, பந்தையே உருவிவிட்டார். அது எண்ட் ஸோனுக்குள் உருண்டது, மாலிக் ஜாக்சன் மேலே விழுந்தார், டச்டவுன். கடைசியில் நாலு நிமிடம் இருக்கும்போது 16-10. இன்னும் ஒரு டச்டவுன் எடுத்தால் கரோலினா முன்னே. மறுபடி மூன்றாவது டவுன், மறுபடி மில்லர், எறியப் போன கையைத் தட்டிவிட்டார். டென்வருக்குப் பந்து கோல் பக்கத்திலேயே கிடைத்தது. 24-10. டென்வர் அஃபென்ஸ் அன்றைக்கு ஆடியதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

லெஃப்ட் டேக்கிளுக்கு மட்டும் காசு கொட்டிய காலம் அந்த மாதிரி ஆட்டங்களோடு போய்விட்டது. இப்போது எந்த டேக்கிள் சுமாரோ அந்தப் பக்கம் ரஷரை நகர்த்திவிடுகிறார்கள்.

#12 டெக்சாஸ் அப்பா

நந்தன் சொல்வதோடு இதையும் சேர்க்கலாம். சத்தமான மைதானத்தில் க்வார்ட்டர்பேக் குரல் கேட்காது. கார்டு சென்டரைத் தட்டுவார், சென்டர் தலையை ஆட்டிவிட்டு ஸ்னாப் செய்வார். ரஷர் அந்தத் தலையாட்டலைப் பார்த்துப் பழகிவிட்டால் டேக்கிளுக்கு முன்பே கிளம்பிவிடுவார். டேக்கிள் பந்தையும் பார்க்க வேண்டும், எதிரில் நிற்பவனையும் பார்க்க வேண்டும். அந்த ஒரு நொடித்துளியில் ஆட்டம் கைமாறிவிடும். இதற்காகவே எங்கள் கோச் வாரம் முழுக்க ஸ்பீக்கரில் இரைச்சல் போட்டுப் பயிற்சி கொடுப்பார். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து புகார் வரும்.

#13 மூணாவது டவுன்

பென்ச் வார்மருக்கு ஒரு கேள்வி. காவல்தான் முக்கியம் என்கிறீர்கள். சரி, பின்னால் ஏழு பேரை நிறுத்த எது அனுமதிக்கிறது?

2021 பிப்ரவரி சூப்பர் பௌலில் கேன்சஸ் சிட்டியின் இரண்டு டேக்கிள்களும், ஃபிஷரும் ஷ்வார்ட்ஸும், காயத்தால் இல்லை. டாம்பாவின் டிஃபென்ஸ் கோச் டாட் பௌல்ஸ் பிளிட்ஸ் (நான்கு பேருக்கு மேல் பாய அனுப்புவது) பிரியர். அன்றைக்கு அவர் அதிகம் பிளிட்ஸ் செய்யவே இல்லை, நான்கு பேரை அனுப்பிவிட்டு மீதிப் பேரைப் பின்னால் ஆழமாக வைத்தார். கேன்சஸ் சிட்டி க்வார்ட்டர்பேக் மஹோம்ஸ் மேல் 29 முறை அழுத்தம் வந்தது. பந்தை விடுவதற்குள் அவர் பின்னாலும் பக்கவாட்டிலும் ஓடிய தூரம் மட்டும் கிட்டத்தட்ட 500 யார்டு. கேன்சஸ் சிட்டிக்கு ஒரு டச்டவுன் இல்லை. 31-9.

2025 பிப்ரவரியில் அதே கேன்சஸ் சிட்டிக்கு எதிராக ஃபிலடெல்ஃபியாவின் டிஃபென்ஸ் கோச் விக் ஃபான்ஜியோ ஒரு தடவைகூட பிளிட்ஸ் செய்யவில்லை. ஜாஷ் ஸ்வெட்டுக்கு 2.5, மொத்தம் ஆறு சாக். அரைநேரத்தில் 24-0, முடிவில் 40-22. கடைசியில் வந்த அந்தப் புள்ளிகளைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஆட்டம் எப்போதோ முடிந்துவிட்டது.

மஹோம்ஸை பிளிட்ஸ் செய்தால் தோலை உரித்துவிடுவார், அனுப்பிய ஆளின் இடத்திலேயே எறிவார். பிளிட்ஸ் செய்யாமல் அவரை ஓட விட்டதுதான் அந்த இரண்டு அணிகளும் வென்ற வழி. நான்கு பேரால் ஐந்து பேரின் வேலையைச் செய்ய முடிந்தால் ஐந்தாவது ஆள் காவலுக்குப் போகிறார். கார்னர்பேக்குக்குக் கொடுக்கச் சொன்னீர்களே, நல்ல ரஷரை வாங்கினால் கார்னர்பேக்குக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் இலவசம்.

#14 பென்ச் வார்மர்

அந்த இரண்டும் ஒரு ஆளால் வந்ததில்லை, நான்கு பேர் கூட்டணி. ஃபிலடெல்ஃபியாவில் உள்ளே மில்டன் வில்லியம்ஸுக்கு இரண்டு சாக். ஒரே ஒரு பெரிய ரஷரை வாங்கி வைத்துவிட்டு மற்ற மூன்று இடத்தில் யாரையோ நிறுத்தினால், எதிரணி ஐந்தில் இரண்டு பேரை அவர் மேல் போட்டுவிட்டு மீதி மூன்று பேரை மூன்று பேருக்குச் சரியாகக் கொடுத்துவிடும். அங்கே ஒருவனாவது ஒண்டிக்கு ஒண்டியில் ஜெயிக்க வேண்டும். ஜெயிக்கவில்லை என்றால் உங்கள் 188 மில்லியன் இரண்டு பேரோடு கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும். கிளீவ்லாந்தைப் பாருங்கள், காரெட்டை வைத்துக்கொண்டு எத்தனை கோப்பை வாங்கினார்கள்?

#15 மூணாவது டவுன்

பக்கத்தில் துணை வேண்டும் என்பதில் சண்டையே இல்லை. கிளீவ்லாந்துக்கு வராத கோப்பைக்குக் காரணம் காரெட் நிற்கும் பக்கத்தில் இல்லை. அந்த அணியின் க்வார்ட்டர்பேக் பட்டியலை எழுதினால் இந்த இழை அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

#16 அதிகாலை ரசிகன்

சண்டையை நிறுத்தாதீர்கள், நன்றாக இருக்கிறது. ஆட்டம் பார்க்கும்போது நான் எதைக் கவனிக்க வேண்டும் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள். டிவியில் கேமரா பந்தின் பின்னாலேயே போகிறது.

#17 கரிசல்காட்டான்

ஸ்னாப்புக்கு முன்னால் கேமரா கொஞ்ச நேரம் லைன் முழுவதையும் காட்டும். அப்போது பெரிய ரஷர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பாருங்கள். டைட் எண்ட் அந்தப் பக்கம் வந்து ஒட்டி நிற்கிறாரா, ரன்னிங் பேக் அந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறாரா என்று அடுத்தது. ஸ்னாப் ஆனதும் பந்தை மறந்துவிட்டு அந்த டேக்கிளின் பின்னங்காலைப் பாருங்கள். அகலமாக வைக்கிறாரென்றால் பயந்துவிட்டார்.

#18 டெக்சாஸ் அப்பா

என் மகனுக்கு இதைக் காட்ட மாட்டேன்.

#19 பென்ச் வார்மர்

ரீப்ளேயில் கார்னர்பேக்கையும் கொஞ்சம் பாருங்கள், பாவம்.